பன் வைத்த தலைகள்

எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் 'தலை' என்கிற வார்த்தையே கிடையாது. தடை போட்டது நான்தான். தலைவலி என்றால் "மேல வலிக்குது" என்று சொல்ல வேண்டும். தலையணைக்கு "அந்தப் பஞ்சு" என்று பேர். டிவியில் யாராவது தலைவர் வந்து நின்றால் சட்டென்று சேனலை மாற்றிவிடுவேன். தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம், என் வீட்டுக்காரர் வாய் தவறி, "ஏன்டா மச்சான் இப்படி அள்ளி முழுங்கற, தலை போற அவசரமா?" என்று கேட்டுவிட்டார். மேசைக்கு அடியில் நான் மிதித்த மிதியில் மனிதர் அந்த வாரம் முழுக்க நொண்டினார்.

விஷயம் இதுதான். தம்பிக்கு மண்டைக்குள் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று சொல்லி, திறந்து எடுத்து, மூடியும் விட்டார்கள். பிழைத்து வந்தானே, எனக்கு அது போதும். ஆனால் மூடிய இடம், வலது காதுக்கு மேலே, உள்ளே வாங்கிப் பள்ளமாகிவிட்டது. தழும்பில் முடியும் முளைக்கவில்லை. "எலும்பு நல்லா சேர்ந்துடுச்சு. பயப்பட ஒண்ணுமில்ல. வேலைக்குப் போகலாம்" என்றார் டாக்டர். "பள்ளம் மேடாகுமா டாக்டர்?" என்று கேட்டான் தம்பி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அன்று சாயங்காலமே பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பி வாங்கிக் காது வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டான். அதோடு சரி. சாப்பிடும்போது தொப்பி, தூங்கும்போது தொப்பி, குளித்துவிட்டு வரும்போதும் தொப்பி.

அவன் வேலை அப்படி. ஒரு பெரிய ஹோட்டலில் ரிசப்ஷனில் நிற்பவன். உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவன் முகத்தைத்தான். எரிச்சலோடு வருகிற ஆளைக்கூட ரெண்டே வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவான். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டுவான். எங்கள் வீட்டுச் சிரிப்பில் பாதி அவன் போட்ட சிரிப்பு. தொப்பி ஏறினதும் அது நின்றுவிட்டது. ஹோட்டல் மேனேஜர் நல்ல மனுஷன், இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். "ஆனா கவுண்டர்ல தொப்பியோட நிக்க முடியாதும்மா. ரூல் அப்படி" என்று என்னிடம் போனில் சொன்னார். நானும் அவனிடம் நயமாகச் சொன்னேன், திட்டியும் சொன்னேன். தொப்பி அசையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு மாடியில். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் உத்தரம் ஒன்று தாழ்வாகப் போகிறது. தம்பியோ நெட்டை. முன்பெல்லாம் அவன் காலையில் தடதடவென்று இறங்கும்போது, சமையலறையிலிருந்தே "தலை! தலை!" என்று கத்துவேன். "இருக்குக்கா, இருக்கு!" என்று கீழேயிருந்து பதில் வரும். தினமும் இதே கூத்து. இப்போது பிசியோதெரபிக்கு இறங்கும்போது, "குனிஞ்சு போ" என்று மட்டும் சொல்வேன். பதிலே வராது.

அவன் இடது கை விரல்களில் பலம் குறைந்திருந்தது. பிசியோதெரபி செய்கிற பெண், "களிமண் வாங்கிக் கொடுங்க. நல்லா அடிச்சுப் பிசையட்டும்" என்றாள். ஸ்டேஷனரி கடையில், அடுப்பில் வைத்தால் இறுகிப் போகிற கலர் களிமண் பாக்கெட் பாக்கெட்டாக இருந்தது. வாங்கி வந்து போட்டேன். அவன் உருண்டை உருட்டுவான், சப்பென்று நசுக்குவான். மறுபடியும் உருட்டுவான், நசுக்குவான். மேசையே அதிரும். முகத்தில் ஒரு உணர்ச்சி கிடையாது. 

ஒருநாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வம்பில்லாத உருவமாகச் செய்வோம் என்று ஊதா மண்ணில் ஒரு கத்தரிக்காய் பிடித்தேன். நான் வேலை செய்வது ஒரு கண்ணாடிக் கடையில். பவர் பார்ப்பது டாக்டர், பிரேமை ஆளின் மூக்கிலும் காதிலும் ஒழுங்காக உட்கார வைப்பது நான். என் கைப்பையில் எப்போதும் ஏதாவது உடைந்த பிரேம் கிடக்கும். சும்மா இருந்த கை சும்மா இருக்குமா? ஒரு குட்டிப் பிள்ளையின் பிரேமை எடுத்துக் கத்தரிக்காயில் மாட்டிவிட்டேன்.

அடக் கடவுளே! மாட்டின அடுத்த நொடி அது கத்தரிக்காய் இல்லை. தலை. மேலே சிறுத்து, கீழே தாடை தொங்குகிற, சாட்சாத் ஒரு மனுஷத் தலை. சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"என்னக்கா அது?"

"ஒண்ணுமில்ல, கத்தரிக்கா."

"கத்தரிக்காயை ஏன் ஒளிக்கிற? காட்டு."

"சொத்தை கத்தரிக்கா."

"காட்டுக்கா!"

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். போச்சு, இன்றைக்குச் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். அவன் மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கனத்த குரலில், "தம்பி, அந்த ரூம் சாவி எங்கே வெச்சேன்னு பார்த்தியா? ஓ, என் கையிலதான் இருக்கா?" என்றான். மேனேஜர்! அப்படியே அவர் குரல்! நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது. சிரித்தது நான் மட்டுமில்லை, அவனும்தான். குளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் யாருக்கு என்ன ஆச்சோ என்று சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கையில் கிடைத்ததெல்லாம் தலை ஆனது. இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்று, முன்னால் கூராக. ஷூ மாதிரி ஒன்று, வாய் மட்டும் நீளமாக. என் வீட்டுக்காரர் பேக்கரியில் மாஸ்டர். அவருக்குத் தெரிந்த உருவம் எதுவோ அதைத்தானே செய்வார்? நடுவில் ஓட்டை போட்ட டோனட் தலை ஒன்று செய்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இது நீங்க சம்பளத்தன்னிக்கு வீட்டுக்கு வர்ற மூஞ்சி" என்றேன். அவருக்கு ரொம்பப் பெருமை.

தம்பி வேறு மாதிரி. அவன் ஆராய்ச்சி பண்ண ஆரம்பித்துவிட்டான். ஒரே முகத்தை, அதே கண், அதே மூக்கு, அதே வாயை, வேறு வேறு தலையில் ஒட்டிப் பார்ப்பான். கூம்பு மேலே பார்த்து நின்றால் பயந்த ஆள். அதே கூம்பைக் கவிழ்த்து, அதே முகத்தை ஒட்டினால் திமிர் பிடித்த ஆள். கீழே அகலமாக இருந்தால் கடன் கேட்டால் கொடுக்கிறவர். நெற்றி ஒரு பக்கம் சரிந்திருந்தால் எதையோ மறந்துவிட்டு வந்தவர். "பாருக்கா, மூஞ்சி ஒண்ணுதான். ஆளே மாறிட்டான் பாரு!" என்று வேலை முடிந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்து காட்டுவான். 'தலை' என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலும் வராது. "இந்த உருண்டையைப் பாரு", "அந்தக் கூம்பு எப்படி?" என்றுதான் பேச்சு. நாங்கள் எல்லோரும் தலைகால் தெரியாமல் தலை செய்துகொண்டு, தலை என்று சொல்லாமல் இருந்தோம். தொப்பியும் அவன் காது வரைக்கும் அப்படியே இருந்தது.

களிமண்ணை அவன் அடிக்கிற சத்தம் தாங்காமல் ஒருநாள் கீழ் வீட்டுக் கணக்கு டீச்சர் மேலே வந்தார். ஸ்கூலில் பிள்ளைகளை நடுங்க வைக்கிறவர். வாசலிலேயே, "இங்க என்ன, வீட்டை இடிக்கிறீங்களா?" என்று ஆரம்பித்தார். பிறகு மேசையைப் பார்த்தார். அலமாரியில் வரிசையாக நின்ற தலைகளைப் பார்த்தார். கூம்புத் தலையைக் கையில் எடுத்து, "இதுக்கு அடிப்பாகம் வட்டமாவே இல்ல. யார் செஞ்சது?" என்றார். தம்பி கையைத் தூக்கினான். "நகரு" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அவருக்கும் எங்கள் வீட்டில்தான்.

டீச்சர் செய்த தலைகள் கனசதுரம், கூம்பு, உருளை. ஒருநாள் தம்பிக்குச் சவால் விட்டு, நூல் வைத்து அளந்து அளந்து, சுத்தமான கோளமாக ஒன்று செய்தார். ஒரு மேடு பள்ளம் கிடையாது. கண், மூக்கு, வாய் எல்லாம் அளந்து ஒட்டியது. மேசை நடுவில் வைத்துவிட்டு, "இப்ப சொல்லுங்க, யாரு இது?" என்றார்.

நாங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். யாருமில்லை. ஒருவர் ஞாபகமும் வரவில்லை.

"இப்படி ஒருத்தர் இருந்தா, பஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருந்தாகூட அடையாளம் தெரியாது டீச்சர்" என்றான் தம்பி.

"அளவெல்லாம் சரியா இருக்கேப்பா!" என்ற டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அந்தக் கோளத்தை அவர் விட்டுக் கொடுக்கவில்லை. இதுதான் என் தலைசிறந்த வேலை என்று சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணை உருட்டியதும், "சிறந்த வேலை" என்று முடித்துக்கொண்டார்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மேனேஜர் போன் செய்தார். "இனிமே என்னால இழுத்துப் பிடிக்க முடியலம்மா. திங்கட்கிழமை காலையில வரலைன்னா வேற ஆள். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடறேன்" என்றார். தம்பியிடம் சொன்னேன். அவன் ஒரு காதை ஒட்டிக்கொண்டே, நிமிராமல், "வரலைன்னு சொல்லிடு" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏன்டா, உலகத்துல இல்லாத கோணல் மாணலை எல்லாம் ஆசை ஆசையா செய்யற. செஞ்சு அலமாரியில வெச்சு அழகு பார்க்கற. உன்னோட..."

நிறுத்திவிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்லுக்கா. என்னோட என்ன?"

"உன்னோட சாப்பாடு ஆறுது" என்றேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை எல்லாம் ஒருமுறை உருட்டினேன். வேறென்ன செய்ய? அந்த வேலை போனால் இவன் அந்தத் தொப்பிக்குள்ளேயே குடித்தனம் பண்ணிவிடுவான் என்று எனக்குத் தெரியும். வெளியே வரவே மாட்டான்.

என் வீட்டுக்காரர்தான் பேச்சை மாற்றினார். மண் பாக்கெட் பாக்கெட்டாகத் தீர்ந்துகொண்டிருந்ததால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். உள்ளே முழுக்க மண் எதற்கு? ஒரு பன்னை நடுவில் வைத்து, மேலே மண்ணைப் பூசி, அதில் மூக்கு முழி வைத்தால் போதாதா? காய்ந்துபோன பழைய பன் ஒன்றில் செய்து, பேக்கரியின் பின்பக்கம் சும்மா கிடந்த பழைய ஓவனில் வைத்து எடுத்தும் காட்டினார். கல் மாதிரி இறுகி அழகாக வந்தது. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் பேக்கரி லீவு. முதலாளிகிட்ட கேட்டுட்டேன். எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு, நல்லதா செய்யுங்க. ஒரே தட்டுல வெச்சு எடுத்துடலாம்" என்றார். சனிக்கிழமை அவரே எல்லோருக்கும் பன் கொண்டுவந்து கொடுத்தார்.

தம்பி தன் தலையை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்தான். யாருக்கும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியின் பின்பக்கம் நாங்கள் நாலு பேரும். மாவு மூட்டைகள், பெரிய பெரிய தட்டுகள், சுவரெல்லாம் மாவு. அவரவர் தலையைத் தட்டில் வைத்தோம். என்னுடையது கத்தரிக்காய் மேனேஜர், பெரிய அளவில். வீட்டுக்காரருடையது டோனட். டீச்சருடையது அந்தக் கோளம், மறுபடியும் புதிதாக, இன்னும் சுத்தமாக. கடைசியாகத் தம்பி அட்டைப் பெட்டியைத் திறந்தான்.

அது அவன்தான். நூற்றுக்கு நூறு அவன். அந்தக் கூர் மூக்கு, சிரிக்கப் போகிற வாய், அடர்த்தியாக வாரிய முடி. தலை வழவழவென்று, பள்ளமே இல்லாமல். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இருந்தவன்.

"அழகா இருக்குப்பா" என்றார் டீச்சர்.

"இதை மேனேஜர்கிட்ட கொடுத்துடுக்கா" என்றான் தம்பி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கவுண்டர்ல வெச்சுக்கட்டும். நான் வரலைன்னு சொல்லிட்டு இதைக் கொடு. இவனைத்தானே அவங்களுக்குத் தெரியும்."

எனக்கு அழுகையா கோபமா தெரியவில்லை, ரெண்டும் சேர்ந்து வந்தது. ஒரு மாவு மூட்டை மேல் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் தட்டை ஓவனுக்குள் தள்ளி, கதவை மூடினார்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வாசனை வந்தது. சூடான பன் வாசனை, நன்றாகப் பசியைக் கிளப்புகிற மாதிரி.

"ஏங்க, பழைய பன்னுக்கு இவ்வளவு வாசனை வருமா?" என்றேன்.

அவர் மூக்கை உறிஞ்சினார். முகம் மாறியது. "பழைய பன்னா? நான் எதுக்குப் பழசைக் கொடுக்கப் போறேன்? அன்னிக்கு நான் மட்டும் செஞ்சு பார்த்தது, அதனால பழசு. நேத்து கொடுத்தது எல்லாரும் ஆசையா செய்யறதுக்கு. டீச்சர் வேற. காலையில எடுத்த புது பன், பஞ்சு மாதிரி, பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன்!"

"உள்ள வெச்சு மூடறதுக்கு எதுக்குங்க புது பன்?"

"என் கையால பழைய பன் ஒருத்தர் கைக்கும் போனதில்ல. தெரியுமில்ல உனக்கு?" என்றார் ரோஷமாக.

உள்ளே கோளத்துக்குக் கன்னம் வீங்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! பன்னில் இருந்த ஈரமெல்லாம் ஆவியாகிப் போக இடமில்லாமல் முட்டியது. மண்ணோ சூட்டில் இளகியிருந்தது. டீச்சரின் கோளம் ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் சப்பி, கடைசியில் உச்சியில் மூடி மாதிரி திறந்து, உள்ளேயிருந்து பன் எட்டிப் பார்த்தது. "என் ஆரம்! என் விட்டம்!" என்று டீச்சர் கதவைத் தட்டினார். டோனட்டின் ஓட்டை மூடிக்கொண்டு அந்த இடத்தில் ஒரு தொப்பை வந்தது. என் மேனேஜருக்குத் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை, அதற்கும் கீழே இன்னொன்று. ஒரு கண் நெற்றிக்கு ஏறிவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டையிலிருந்து தரைக்கே வந்துவிட்டேன். டீச்சர் முதலில் என்னை முறைத்தார். அப்புறம் கோளத்தின் மூக்கு வழுக்கிக்கொண்டு வாய்க்குப் போனதைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவன் செய்த தலை முதலில் அம்மைக்கட்டு வந்தது மாதிரி ரெண்டு பக்கமும் வீங்கியது. பிறகு இடது காதிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது. அந்தப் பக்கம் அப்படியே மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது.

"அத்தான், திறங்க! திறங்க சீக்கிரம்! அமுங்குது!" என்று கத்தினான். அவர் திறப்பதற்குள் இவனே கதவை இழுத்துவிட்டான். கைக்குக் கிடைத்த துணியைப் பிடுங்கி, கையில் சுற்றிக்கொண்டு, உள்ளே விட்டுத் தலையைத் தூக்கினான். "கையுறை இருக்குடா மடையா!" என்று அவர் கையுறையை நீட்டினார். அதற்குள் தலை வெளியே வந்துவிட்டது.

என் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கையில் சுற்றியிருந்தது பழுப்பு நிறக் கம்பளி.

அவன் கவனிக்கவே இல்லை. ரெண்டு கையாலும் தலையை ஏந்திக்கொண்டு, விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.  மாதக்கணக்காக நான் பார்க்காத அவன் தலை, பளிச்சென்று, விளக்கு வெளிச்சத்தில். வலது காதுக்கு மேலே பள்ளம். அதில் நிலாப் பிறை மாதிரி ஒரு தழும்பு. சுற்றிலும் முடி குத்திட்டு நின்றது.

"சே! தப்பு" என்றான் தம்பி.

"என்னடா தப்பு?" என்றேன். 

"பக்கம் தப்புக்கா. இது இடது பக்கம் அமுங்கிடுச்சு பாரு. எனக்கு இங்க இல்ல, இங்க." ஒரு கையை விட்டு, விரலை எடுத்துத் தன் பள்ளத்தில் சரியாக வைத்துக் காட்டினான். வைத்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. தோல்தான் தட்டுப்பட்டது, தொப்பி இல்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். காதெல்லாம் சிவந்துபோனது. இதோ, இப்போது அந்தத் துணியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடப் போகிறான் என்று எனக்கு உயிரே போய்விட்டது.

டீச்சர்தான் கிட்டே போனார். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, எட்டி, நன்றாகப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"எவ்வளவுன்னு நினைச்சீங்க?"

"இத்தனை நாளா நீ அந்தத் தொப்பியை இழுத்து இழுத்து விட்டதுக்கு, உள்ள கொம்பு முளைச்சிருக்குன்னு நினைச்சேன்ப்பா நான்!"

 பிறகு தம்பியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "கொம்பா?" என்றான். "கொம்பா டீச்சர்?" அவ்வளவுதான். அவன் போட்ட சிரிப்பு இருக்கிறதே, பழைய சிரிப்பு, தகரத் தட்டெல்லாம் அதிர்கிற சிரிப்பு! என் வீட்டுக்காரர் கையுறையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் மாவாக்கிக்கொண்டார். நான் எழுந்து போய், இத்தனை நாள் தொடப் பயந்த அந்த இடத்தில் கையை வைத்தேன். கதகதவென்று இருந்தது. அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியாது. ஆனால் கண்ணாடிக் கடைப் புத்தி போகுமா? கை வைத்தபடியே என் கண் அவன் காதுக்குப் போய்விட்டது.

"டேய், உன் வலது காது இடது காதைவிடக் கீழ இருக்குடா."

"என்னது! ஆபரேஷன்லயா?"

"இல்லடா. பிறந்ததுல இருந்தே. உனக்கு முதல் கூலிங் கிளாஸ் மாட்டினப்பவே பார்த்தேன்."

"நீ சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே!"

"இவ்வளவு வருஷமா கோணக் காதோடவா நான் கவுண்டர்ல நின்னேன்? ஒருத்தர்கூடச் சொல்லல!" என்று தன் காதை இழுத்து இழுத்துப் பார்த்தான். நான் யாருக்கும் ரெண்டு காதும் ஒரே மட்டமாக இருந்து பார்த்ததில்லை என்று சொன்னேன். உடனே டீச்சர் தன் காதுகளைத் தடவிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தட்டின் பளபளப்பில் தன்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் அவரவர் காதைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் என் கைப்பையில் போன் அடித்தது. மேனேஜர். நான் தம்பியைப் பார்த்தேன். எல்லோர் சிரிப்பும் ஒரேயடியாக அடங்கியது. அவன் கையில் இருந்த தலையைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்தது, சிரிக்கப் போகிற வாயோடு, இடது பக்கம் அமுங்கிப்போய். அதைத் தொப்பியோடு மெதுவாக மேசை மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன்.

"சார்... நான்தான் சார். நல்லா இருக்கேன் சார்." என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கா? வரேன் சார். காலையிலேயே வரேன்." பிறகு அவர் பேசுவதைக் கேட்டான். தொப்பியைப் பற்றி அவர் கேட்டிருக்க வேண்டும். தம்பி மேசையைப் பார்த்தான். களிமண் உருகி ஒட்டி, ஒரு ஓரம் கருகி, தொப்பி சுருண்டு கிடந்தது. "தொப்பி வெந்துடுச்சு சார்" என்றான். "இல்ல சார், நிஜமாத்தான். பன்னோட சேர்ந்து."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஓடினார்.

திங்கட்கிழமை காலை. தம்பி சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினான். கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றான். முடியை அந்தப் பக்கம் வாரிப் பார்த்தான், இந்தப் பக்கம் வாரிப் பார்த்தான். பிறகு எப்போதும் வாருகிற மாதிரியே வாரிக்கொண்டான்.   பேக்கரி அட்டைப் பெட்டியில் அந்த அமுங்கிய தலையை வைத்து, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டான். கவுண்டரில் வைக்கப் போகிறானாம். "ரெண்டு பேரும் ஒருத்தன்னு கண்டுபிடிக்கிறவங்களுக்கு ரூம்ல பழத்தட்டு ஃப்ரீ" என்றான். மேனேஜர் ஒத்துக்கொள்வாரா என்று நான் கேட்கவில்லை.

வாசலில் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு இறங்கினான், முன்பு மாதிரியே, தடதடவென்று. நான் அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என்னை அறியாமல், நான் போட்ட தடையெல்லாம் மறந்துபோய், வாய் தானாகத் திறந்துவிட்டது.

"தலை! தலை!"

கத்தின பிறகுதான் உறைத்தது. கரண்டியோடு வாயைப் பொத்திக்கொண்டேன். படிக்கட்டில் காலடிச் சத்தம் நின்றது. பால் பொங்கி வழிந்தது. நான் நகரவில்லை.

"இருக்குக்கா!" என்று கீழேயிருந்து வந்தது குரல். "முக்கால்வாசி இருக்கு!"